பெரியவர்கள் கிளம்புமுன் பேனாவை இளையவர் கையில் கொடுங்கள்

கேள்வி: தொழிற்சாலைகளின் பம்ப், கம்ப்ரஸர்களைப் பழுதுபார்த்துப் பராமரிக்கும் நிறுவனம் எங்களுடையது. 60 டெக்னீஷியன்கள் இருக்கிறார்கள். இரண்டு கிளைகளையும் இப்போது ஒன்றாக இணைக்கிறார்கள். வேலைப் பதிவுகளும் புதிய கணினி முறைக்கு மாறுகின்றன. இதற்கு நடுவில், இருபது முப்பது ஆண்டு அனுபவம் உள்ள ஐந்து பேர் அடுத்த 8 மாதங்களில் ஓய்வு பெறுகிறார்கள். தரச்சான்று தணிக்கைக்காக மூன்று ஆண்டுகளுக்கு முன் எல்லோரையும் எழுதச் சொல்லி 412 கோப்புகள் சேர்த்தோம். யாரும் திறப்பதில்லை. வெள்ளிக்கிழமை தோறும் ஒரு மணி நேரம் 'அறிவுப் பகிர்வு' கூட்டம் வைத்தோம். முதலில் 40 பேர் வந்தார்கள், இப்போது 6 பேர். பெரியவர்கள் 'அதான் எழுதிக் கொடுத்துட்டோமே' என்கிறார்கள். இளையவர்கள் வாயே திறப்பதில்லை. பகிர்பவர்களுக்கு ஊக்கத்தொகை அறிவிக்கலாமா? நல்ல மென்பொருள் ஒன்று வாங்கினால் சரியாகுமா?
— பயிற்சிப் பிரிவுப் பொறுப்பாளர்

பதில்: ஊக்கத்தொகை, மென்பொருள் இரண்டையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். உங்கள் 412 கோப்புகளும் யாரும் தொடாமல் கிடப்பதற்குக் காரணம், அவற்றைத் தெரிந்தவர்கள் எழுதியதுதான். ஒரு வேலையை இருபது ஆண்டுகள் செய்தவருக்கு அதில் பாதி கைப்பழக்கமாகிவிட்டது. அந்தப் பாதி அவர் கண்ணுக்கே தெரியாது. 'பம்பை முறைப்படி இயக்கவும்' என்று ஒரே வரியில் எழுதிவிடுவார். முறை என்ன என்பதுதான் படிப்பவரின் கேள்வி.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உண்மை நிகழ்வு உண்டு. அமெரிக்காவின் டபிள்யூ-76 அணு ஆயுதத்தில் 'ஃபாக்பேங்க்' என்ற ரகசியப் பொருள் ஒன்று பயன்படுகிறது. பல ஆண்டுகள் கழித்து அதை மறுபடி தயாரிக்கப் போனபோது முடியவில்லை. பழைய தயாரிப்பைப் பற்றிய பதிவுகள் குறைவு, செய்தவர்களில் அநேகமாக எல்லோரும் ஓய்வு பெற்றோ விலகியோ போயிருந்தார்கள் என்று 2009இல் அந்நாட்டு அரசுத் தணிக்கை அலுவலகம் எழுதியது. ஆனால் கவனிக்க வேண்டியது அதற்கு அடுத்த விஷயம். பழைய முறையில் மூலப்பொருளோடு ஒரு கலப்பு வந்துகொண்டிருந்தது. புதிய முறையில் சுத்திகரிப்பு சிறப்பாக இருந்ததால் அது நீங்கிவிட்டது. அந்தக் கலப்பு இருந்தால்தான் பொருள் சரியாக அமையும் என்பது முதலில் செய்தவர்களுக்கே தெரியாது. அவர்களை அழைத்து எழுதச் சொல்லியிருந்தாலும் அந்த ஒரு வரி வந்திருக்காது.

ஆகவே உங்கள் ஐந்து பேரிடமும் 'எழுதிக் கொடுங்கள்' என்று மறுபடி கேட்காதீர்கள். எழுத வேண்டியவர் கற்றுக்கொள்பவர். பெரியவர் செய்வார், சொல்வார், திருத்துவார். பேனா இளையவர் கையில் இருக்க வேண்டும். தனக்குப் புரியாத இடம் எது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

இதைத் தொடங்குமுன் நிர்வாகம் ஒரு வேலையை முடித்தாக வேண்டும். இரண்டு கிளைகள் இணையும்போது ஒவ்வொருவர் மனதிலும் ஓடுவது 'நான் இருப்பேனா' என்பதுதான். தனக்கு மட்டும் தெரிந்த வேலைதான் தன் இருக்கைக்குக் காவல் என்று ஒருவர் நினைக்கும் நேரத்தில் போய் அதைப் பகிரச் சொன்னால், மேலோட்டமானதைச் சொல்லி அனுப்பிவிடுவார். ஓய்வு பெறுபவர்களைவிட, 45 வயதில் நடுவில் மாட்டிக்கொண்டிருப்பவர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். யார் எந்தப் பொறுப்பில் தொடர்கிறார்கள் என்பதைப் பெயர் சொல்லி அறிவித்த பிறகே மற்றதைத் தொடங்குங்கள். அறிவிக்க முடியாத நிலை என்றால், எந்தத் தேதியில் அறிவிப்பீர்கள் என்பதையாவது சொல்லுங்கள். அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள்.

அதேசமயம், 'சொல்ல மனமில்லை' என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வரவும் வேண்டாம். ஒரு நிறுவனத்துக்குள் நல்ல செய்முறை ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு ஏன் போவதில்லை என்பதை கேப்ரியல் சுலான்ஸ்கி ஆராய்ந்து 1996இல் வெளியிட்டார். மனமில்லாமையைவிடப் பெரிய தடைகளாக அவர் கண்டவை மூன்று: பெறுபவருக்கு அதைப் புரிந்துகொள்ளும் அடிப்படை போதாதது, அந்தச் செய்முறை ஏன் பலிக்கிறது என்பது யாருக்கும் தெளிவாகத் தெரியாதது, இருவருக்கும் இடையே உறவு சரியில்லாதது. மூன்றுமே உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. ஊக்கத்தொகை இவற்றில் ஒன்றையும் தொடாது. தவிர, கோப்புக்கு இவ்வளவு என்று பணம் வைத்தால் 412 என்பது 900 ஆகும்; அவ்வளவுதான்.

இனி வேலைக்கு வருவோம். முதல் இரண்டு வாரத்தில் ஒரு பெரிய தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் வேலைகள், மேலே ஆட்கள். மேற்பார்வை இல்லாமல் தனியாகச் செய்யக்கூடியவர் யார் என்று மட்டும் குறியுங்கள். 'ஓரளவு தெரியும்' என்பதற்குக் குறி கிடையாது. அந்தக் குறியை அவரவரே போடுவதைவிட அவரோடு வேலை செய்பவர் போட்டால் உண்மைக்கு நெருக்கமாக இருக்கும். ஒரே ஒரு குறி உள்ள வரிசைகளை எடுத்து, தவறினால் என்ன சேதம், எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். அந்த ஒரே குறி ஓய்வு பெறுபவருடையதாக இருந்தால் அது பட்டியலில் மேலே போகும். ஐந்து பேருக்கும் சேர்த்து 15 முதல் 20 வேலைகளுக்கு மேல் எடுக்காதீர்கள். எல்லாவற்றையும் காப்பாற்றப் போனால் எதுவும் மிஞ்சாது. எப்போதோ வரும், உற்பத்தியாளரிடம் கேட்டாலே பதில் கிடைக்கும் வேலைகளைத் தயங்காமல் விட்டுவிடலாம்.

18 வேலைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி நேர அமர்வு மூன்று. மொத்தம் 54 அமர்வுகள், 81 மணி நேரம். ஒரு பெரியவருக்குச் சுமார் 16 மணி நேரம்தான் ஆகிறது. எட்டு மாதத்தில் இது பெரிய சுமை இல்லை. ஆனால் வேலை நேரத்துக்குள் ஒதுக்கித் தர வேண்டும். 'நேரம் கிடைக்கும்போது' என்று சொன்னால் கிடைக்கவே கிடைக்காது. அமர்வு நாளில் அந்த இருவருக்கும் வேறு பணி போடக் கூடாது என்று சூப்பர்வைசரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். பாதித் திட்டங்கள் கவிழ்வது இந்த இடத்தில்தான்.

முதல் அமர்வு உட்கார்ந்து பேசுவது. 'இந்த வேலையை எப்படிச் செய்வீர்கள்' என்று கேட்காதீர்கள். புத்தகப் பதில் வரும். 'கடைசியாக இதில் சிக்கல் வந்தது எப்போது' என்று ஒரு குறிப்பிட்ட சம்பவத்தை எடுங்கள். ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரு முறை சொல்லட்டும். பிறகு மறுபடி முதலிலிருந்து வந்து, முடிவெடுத்த ஒவ்வொரு இடத்திலும் நிறுத்துங்கள். அப்போது எதைப் பார்த்தீர்கள், எந்தச் சத்தம் கேட்டது? வேறு என்ன செய்திருக்கலாம், அதை ஏன் செய்யவில்லை? என் போன்ற புதியவன் அந்த இடத்தில் என்ன தவறு செய்திருப்பான்? தீயணைப்பு வீரர்கள் நொடியில் முடிவெடுப்பது எப்படி என்று ஆராய்ந்த உளவியலாளர் கேரி க்ளைன் கையாண்ட முறையை ஒட்டியது இது. கடைசிக் கேள்விக்குத்தான் அதிகம் கிடைக்கும். ஓர் எடுத்துக்காட்டு: பம்புக்குள் ஜல்லியைப் போட்டு உருட்டுவது போலச் சத்தம் வந்தால் புதியவர் பேரிங் போய்விட்டது என்று கழற்ற ஆரம்பிப்பார். அனுபவசாலி டெலிவரி வால்வை, அதாவது நீர் வெளியேறும் பக்க வால்வை, சற்று மூடிப் பார்ப்பார். சத்தம் குறைந்தால் அது கேவிடேஷன் (அழுத்தம் குறைந்து நீரில் ஆவிக் குமிழிகள் உண்டாகி உடைவது), சக்‌ஷன் எனும், நீர் உள்ளே வரும் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். மாறவில்லை என்றால்தான் பேரிங் மேல் சந்தேகம். இதைப் போன்ற ஒரு வரி அந்த 412 கோப்புகளில் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

இரண்டாவது அமர்வு இயந்திரத்தின் பக்கத்தில். 'தொட்டுக் காட்டாத வித்தை சுட்டுப் போட்டாலும் வராது' என்பது இதற்குத்தான். முதலில் பெரியவர் ஒரு முறை செய்வார். அடுத்து இளையவர் செய்வார், பெரியவர் ஆபத்து வந்தால் ஒழிய வாய் திறக்கக் கூடாது. இதுதான் அவருக்குக் கடினம். கை பரபரக்கும், கருவியைப் பிடுங்கிவிடுவார். கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். இளையவர் தடுமாறி நிற்கும் ஒவ்வொரு இடத்தையும் மூன்றாவது ஆள் ஒருவர் குறித்துக்கொண்டால் நல்லது. மூன்றாவது முறை, இளையவர் செய்துகொண்டே ஒவ்வொரு படியையும் ஏன் என்று சொல்ல வேண்டும்.

அன்று மாலையே இளையவர் ஒரு பக்கத் தாளை எழுதிவிட வேண்டும். நாளை என்று தள்ளினால் பாதி போய்விடும். தாளில் மூன்று பத்திகள்: படி, கவனம், காரணம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அனுபவமில்லாத ஆட்களை அவசரமாகப் பழக்க வேண்டியிருந்த அமெரிக்கத் தொழிற்சாலைகளில் படியையும் கவனத்தையும் தனித்தனியாக எழுதும் வழக்கம் பரவியது. காரணத்தைத் தனிப் பத்தியாக எழுதுவது அதன் மேல் சேர்ந்தது. சாதாரண சென்ட்ரிஃபியூகல் (மையவிலக்கு விசையால் நீரைத் தள்ளும்) பம்பை ஓடவிடும் தாள் இப்படி இருக்கலாம்:

படி 1: சக்‌ஷன் வால்வைத் திற. கவனம்: முழுதாக. காரணம்: பாதி திறந்தால் உள்ளே அழுத்தம் குறைந்து கேவிடேஷன் வரும்.
படி 2: காற்றை வெளியேற்று. கவனம்: குமிழி இல்லாமல் நீர் தொடர்ச்சியாக வரும்வரை. காரணம்: காற்று சிக்கிக்கொண்டால் பம்ப் நீரை இழுக்காது, சீல் காய்ந்து சூடாகும்.
படி 3: டெலிவரி வால்வை அநேகமாக மூடி வைத்து மோட்டாரைப் போடு. காரணம்: தொடக்கத்தில் மோட்டாருக்குச் சுமை குறையும்.
படி 4: அழுத்தம் ஏறியதும் டெலிவரியை மெதுவாகத் திற. கவனம்: மூடிய நிலையில் நீண்ட நேரம் ஓட விடாதே. காரணம்: உள்ளே இருக்கும் அதே நீர் சுற்றிச் சுற்றிச் சூடாகும்.

காரணப் பத்தியை விட்டுவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? புதிய முறை, புதிய இயந்திரம் வரும்போது எந்தப் படியை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று யாருக்கும் தெரியாது. ஒன்று, எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். இல்லையென்றால் எல்லாவற்றையும் தூக்கி எறிவார்கள். பெரியவரால் காரணம் சொல்ல முடியாத படி ஒன்று வந்தால் அந்த இடத்தில் 'காரணம் தெரியவில்லை, மாற்றுமுன் சோதிக்கவும்' என்று எழுதி வையுங்கள். ஃபாக்பேங்க் கதையில் இல்லாமல் போன வரி அதுதான்.

மூன்றாவது அமர்வில் அந்தத் தாளை வேறொரு இளையவர் கையில் கொடுங்கள், முன்பு உட்காராதவராகப் பார்த்து. அவர் தாளை மட்டும் வைத்துச் செய்து பார்க்கட்டும். அவர் நிற்கும் இடமெல்லாம் தாளில் ஓட்டை. எழுதியவரே திருத்த வேண்டும், பெரியவர் கையெழுத்திட வேண்டும்.

வீடியோ எடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். எடுக்கலாம், இரண்டு மூன்று நிமிடத்துக்குள், ஒரு படிக்கு ஒன்றாக. கை அசைவும் சத்தமும் எழுத்தில் வராத இடங்களுக்கு மட்டும். ஒரு மணி நேரப் பதிவை அதில் பேசியவர்கூடத் திரும்பப் பார்க்க மாட்டார்.

கிளை இணைப்பில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஒரே வேலையை இரு கிளைகளும் இரு விதமாகச் செய்வார்கள். பெரிய கிளையின் வழக்கத்தையோ, குரல் உயர்ந்தவரின் வழக்கத்தையோ 'இனி இதுதான்' என்று அறிவித்துவிடுவது சுலபம். அப்படிச் செய்தால் தோற்ற கிளை பழையபடியே செய்துவிட்டுத் தாளில் மட்டும் உங்கள் விருப்பப்படி எழுதும். அதற்குப் பதில் ஒவ்வொரு கிளையிலிருந்தும் ஒருவரை எதிரெதிரே உட்காரவைத்து, எங்கே வேறுபடுகிறது என்று மட்டும் பட்டியல் போடச் சொல்லுங்கள். எது சரி என்ற பேச்சு அன்று வேண்டாம். பல வேறுபாடுகளுக்கு நியாயமான காரணம் இருக்கும். பம்பையும் மோட்டாரையும் குளிர்ந்த நிலையில் அலைன்மென்ட் (இரண்டின் அச்சும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று) பார்த்து முடித்துவிடுகிறது ஒரு கிளை. இன்னொரு கிளை ஓடிச் சூடான பிறகு மறுபடி பார்க்கிறது. இரண்டாவது கிளைக்காரர்கள் வேலையை இழுத்தடிக்கிறார்கள் என்று தோன்றலாம். அவர்களுடைய பம்புகளில் சூடான திரவம் ஓடினால், உலோகம் விரிந்து அச்சு நகரும். மறுபடி பார்த்தே ஆக வேண்டும். ஆகவே பொது விதி 'இந்த வெப்பத்துக்கு மேல் இப்படி' என்று நிபந்தனையோடு அமையும். காரணமே கிடைக்காத வேறுபாடுகளில் எளிதானதைத் தேர்ந்தெடுங்கள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை நிறுத்திவிடுங்கள், வருத்தமே வேண்டாம். நாளை தேவைப்படாத விஷயத்தை இன்று கேட்பவர் மனதில் அது நிற்காது. அந்த நேரத்தை, சிக்கலான வேலை ஒன்று முடிந்த அன்றோ மறுநாள் காலையோ 20 நிமிடம் என்று மாற்றுங்கள். அந்த வேலையில் இருந்தவர்கள் மட்டும். அமெரிக்க ராணுவம் பயிற்சி முடிந்ததும் கேட்கும் நான்கு கேள்விகள் போதும்: என்ன நடக்க வேண்டும் என்று திட்டமிட்டோம், உண்மையில் என்ன நடந்தது, ஏன் அந்த வித்தியாசம், அடுத்த முறை என்ன செய்வோம். பதவியில் பெரியவர் கடைசியில் பேச வேண்டும். அவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். இரண்டாவது கேள்வியிலேயே பாதி நேரம் போகும், போகட்டும். முடிவில் யார் எந்தத் தாளில் எந்த வரியை மாற்றுகிறார் என்று ஒரு பெயரும் ஒரு தேதியும் வர வேண்டும். வராவிட்டால் அது அரட்டை.

இந்த 20 நிமிடத்தில் சொன்னது ஒருவரின் ஆண்டு மதிப்பீட்டில் ஒரு முறை எட்டிப் பார்த்தாலும் போதும், பிறகு யாரும் உண்மை பேச மாட்டார்கள். மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், சிறப்பாக இயங்கும் குழுக்களில்தான் பிழைப் பதிவுகள் அதிகம் இருப்பதைக் கண்டார். அவர்கள் அதிகம் பிழை செய்ததாக அதற்குப் பொருளில்லை; மறைக்காமல் சொன்னார்கள். உங்கள் பதிவேட்டில் தவறுகள் கூடினால் மேலாளருக்கு முன்கூட்டியே இதை விளக்கி வையுங்கள், இல்லாவிட்டால் முதல் மாத அறிக்கையிலேயே அவர் பயந்துவிடுவார்.

இளையவர்கள் வாய் திறக்காததற்கு வெட்கம் ஒரு காரணம், பதிலடி இன்னொன்று. 'இதுகூடத் தெரியாதா' என்று ஒருவர் ஒரே ஒரு முறை கேட்டிருப்பார். கேள்வி கேட்பதைத் துணிச்சலுக்கு விடாமல் வேலையாக்குங்கள்: வாரம் மூன்று கேள்விகள் கொண்டுவர வேண்டியது கற்பவரின் பொறுப்பு. அந்தக் கேள்விகளும் பதில்களும் ஒரே நோட்டில் சேரட்டும். அனுபவம் உள்ள ஒருவர் முதல் வாரத்தில் தனக்குத் தெரியாத ஒன்றை அந்த நோட்டில் எழுதினால் பாதித் தயக்கம் போய்விடும்.

கணினி மாற்றத்தில் அவசரமாகப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய பதிவுகளை மாற்றும்போது தேதி, பாக எண், செலவு எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேரும். 'குறிப்பு' என்ற பத்தி மட்டும் இடம் போதாமல் வெட்டுப்படும், அல்லது புதிய முறையில் அதற்கு இடமே இருக்காது. இருபது ஆண்டு அனுபவம் அந்தப் பத்தியில்தான் கிடக்கிறது: 'இந்த பம்பில் போல்ட் இடமுறை மரை', 'வால்வு பாதிக்கு மேல் திறக்காது' என்பது போல. மாற்றத்துக்கு முன் 50 பதிவுகளைச் சோதனையாக மாற்றி, குறிப்புகள் முழுதாக வந்தனவா என்று கண்ணால் பாருங்கள். வராவிட்டால் பழைய தரவை இயந்திர எண்வாரியாகத் தேடக்கூடிய ஒரு பட்டியலாக எடுத்து வைத்துவிட்டு மேலே போகலாம்.

412 கோப்புகளைச் சுத்தம் செய்ய ஆள் போடாதீர்கள். ஃபோல்டரைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். யாராவது ஒரு கோப்பை உண்மையிலேயே தேடி வந்தால், அன்று அதை மூன்று பத்தித் தாளாக மாற்றிப் புதிய இடத்தில் வையுங்கள். ஓர் ஆண்டில் யாரும் கேட்காததைக் கிடங்கில் போடலாம். தணிக்கையைப் பற்றிக் கவலை வேண்டாம்: தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001:2015இன் 7.1.6ஆம் பிரிவு, வேலைக்குத் தேவையான அறிவு எது என்று தீர்மானித்து, அதைப் பேணி, தேவையான அளவு கிடைக்கச் செய்யச் சொல்கிறது. எல்லாவற்றையும் கோப்பாக்கு என்று அது கேட்கவில்லை. உங்கள் கட்டத் தாளும் கையெழுத்திட்ட 18 தாள்களும் அந்த ஃபோல்டரைவிட வலுவான சான்று.

ஒவ்வொரு தாளின் அடியிலும் எழுதியவர் பெயர், சொல்லித் தந்தவர் பெயர், மறுபார்வைத் தேதி மூன்றும் இருக்கட்டும். ஜெராக்ஸ் நிறுவனத்தின் நகல் இயந்திர டெக்னீஷியன்கள் தங்கள் கண்டுபிடிப்புகளைப் பகிர 'யுரேகா' என்ற ஏற்பாட்டை 1990களில் அமைத்தார்கள். அங்கே குறிப்புக்குப் பணம் கொடுக்கவில்லை. சக டெக்னீஷியன்கள் சரிபார்த்த பிறகு எழுதியவர் பெயரோடு வெளியிட்டார்கள். ஊக்கம் என்று நீங்கள் கேட்டதற்கு என் பதிலும் அதுதான். கூடவே, கற்பிப்பதில் போன மணிகளை வேலை மணிகளாகவே கணக்கில் எடுங்கள்.

இதெல்லாம் பலித்ததா என்று அறிய ஒரு சோதனை உண்டு, விடைபெறும் விழாவுக்கு முன்பே செய்யலாம். ஆறாம் மாதத்தில் ஐவரில் ஒருவரைச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறையில் அனுப்புங்கள். அவருக்கு யாரும் நேரடியாகப் போன் செய்யக் கூடாது. தேவைப்பட்டால் உங்கள் வழியாக மட்டும். யார், எந்த இயந்திரத்துக்காக, என்ன கேட்டார் என்று ஒவ்வொரு அழைப்பையும் எழுதி வையுங்கள். அவர் திரும்பி வந்ததும் அந்தப் பட்டியலோடு, அழைத்தவரையே பக்கத்தில் உட்காரவைத்து, அடுத்த அமர்வைத் தொடங்குங்கள். அதற்கு இன்னும் இரண்டு மாதம் உங்கள் கையில் இருக்கும்.